டிராக்டர் வருவதற்கு முன்பே எழுந்த நாடு

கேள்வி இது: "பொருளாதாரம் படுத்துவிட்ட ஒரு நாடு விவசாயத்தை நவீனமாக்கி மறுபடி எழுந்ததாக உண்மையான உதாரணம் உண்டா? இருந்தால் எதில் தொடங்கினார்கள்? டிராக்டர், டிரோன் என்று பணத்தைப் போட்டால் நடந்துவிடுமா?"

உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகள் உண்டு. நான் வியட்நாமை எடுத்துக்கொள்கிறேன். நெல், ஆற்றுப் படுகை, கையகல வயல், பருவமழை என்று அங்கே இருப்பதெல்லாம் நமக்குப் பழகியவை. மீகாங் படுகையின் படத்தைப் பெயர் சொல்லாமல் காட்டினால் காவிரிப் படுகைக்காரர்கள் ஒரு நிமிஷம் திருவாரூர்ப் பக்கமோ என்று நினைப்பார்கள். தவிர, இது நம் கண்ணெதிரே, நாற்பது வருடத்துக்குள் நடந்த கதை.

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வியட்நாம் அரிசி இறக்குமதி செய்யும் நாடாக இருந்து ஏற்றுமதி செய்யும் நாடாக மாறிய அந்த ஒரு வருடத்தில் வயலில் புது இயந்திரம் எதுவும் இறங்கவில்லை. அதே எருமை, அதே அரிவாள். கதிர் அறுக்கும் மெஷின் அங்கே பரவலானது அதற்குப் பதினைந்து, இருபது வருடம் கழித்துத்தான். அப்படியானால் எது மாறியது என்பதைத்தான் விளக்க வேண்டும்.

1975-இல் போர் முடிந்தது. அடுத்த ஆண்டு வடக்கும் தெற்கும் ஒரே நாடாயின. 1980-க்குள் ஆண்டுக்கு 2.1 கோடி டன் உணவு தானியம் விளைவிப்போம் என்று திட்டம் போட்டார்கள். 1980 வந்தபோது விளைந்தது 1.44 கோடி டன் அளவுதான். நகரங்களில் எல்லாவற்றுக்கும் ரேஷன் சீட்டு. அரிசிக்குப் பதிலாக, அல்லது அரிசியோடு கலந்து, 'போ போ' என்ற முரட்டுத் தானியத்தைக் கொடுத்தார்கள். அந்தத் தலைமுறை வியட்நாமியரிடம் இன்றைக்கும் அந்த வார்த்தையைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

குண்டு விழுந்த நிலம், அமெரிக்கப் பொருளாதாரத் தடை, கம்போடியாவுக்குள் போன படை, 1979-இல் சீனாவுடன் எல்லைப் போர் என்று வறுமைக்கு வெளிக்காரணங்கள் நிறைய. ஆனால் மீகாங் போன்ற ஒரு படுகையை வைத்துக்கொண்டு ஒரு நாடு பட்டினி கிடக்க அவை மட்டும் போதாது. உள்காரணம் கூட்டுப்பண்ணை. வடக்கில் 1950-களின் கடைசியிலேயே நிலத்தைக் கூட்டுறவாக்கிவிட்டார்கள். போர் முடிந்ததும் தெற்கிலும் அதையே செய்யப் பார்த்தார்கள்.

கூட்டுப்பண்ணையில் ஒரு நாள் எப்படி இருக்கும்? காலையில் மணி அடிப்பார்கள், வயலுக்குப் போக வேண்டும். உழுதால் இத்தனை புள்ளி, நாற்றுப் பறித்தால் இத்தனை புள்ளி. அறுவடையானதும் அரசுப் பங்கு, பண்ணைச் செலவு எல்லாம் போக மிச்ச நெல்லைப் புள்ளிக் கணக்கில் பிரிப்பார்கள். ஆழ உழுதவருக்கும் மேலாகக் கீறிவிட்டு வந்தவருக்கும் ஒரே புள்ளி. ராத்திரி மடை உடைந்தால் எழுந்து போய்ப் பார்க்க ஆள் இல்லை, ஏனென்றால் அதற்குப் புள்ளி இல்லை. ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதைதான். வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்குக் கறிகாய் போட்டுக்கொள்ளக் கூட்டுப்பண்ணை நிலத்தில் 5 சதவீதத்தைக் குடும்பங்களுக்கு விட்டுவைத்திருந்தார்கள். பல குடும்பங்களுக்கு வருமானத்தில் பாதி அந்த 5 சதவீதத்திலிருந்து வந்தது. மண்ணும் மனிதரும் அதேதான். யாருக்காக உழைக்கிறோம் என்பது மட்டும் வேறு.

இதைப் புரிந்துகொண்டவர்கள் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்குள்ளேயே இருந்தார்கள். ஹனோய்க்குப் பக்கத்தில் வின் ஃபுக் மாகாணம். அங்கே கட்சிச் செயலாளராக இருந்தவர் கிம் நொக். 1966-இல் அவர் துணிந்து ஒரு வேலை செய்தார். கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் பொறுப்புக் கொடுத்து, இவ்வளவு நெல் பண்ணைக்கு, அதற்கு மேல் விளைந்தால் உனக்கு என்றார். விளைச்சல் ஏறியது. மேலிடத்துக் கோபமும் ஏறியது. 1968-இல் அவர் தன் தவற்றை ஒப்புக்கொண்டு சுயவிமர்சனம் செய்ய வேண்டியதாயிற்று. 1979-இல் இறந்துபோனார். அவர் செய்ததே நாட்டின் கொள்கையாக மாறியதை அவர் பார்க்கவில்லை. பிற்பாடு அதே அரசு அவருக்கு மரணத்துக்குப் பிந்தைய விருதுகள் கொடுத்தது.

மேலிடம் தடுத்தாலும் ஊர்கள் விடவில்லை. 1970-களின் கடைசியில் ஹைபோங் பக்கத்துக் கிராமங்கள் ரகசியமாக அதே ஏற்பாட்டைத் தொடர்ந்தன. அதற்கு ஒரு பெயரே உண்டு, 'கள்ள ஒப்பந்தம்'. தெற்கில் மீகாங் விவசாயிகள் கூட்டுப்பண்ணையில் பெயருக்குச் சேர்ந்தார்கள், அல்லது சேரவே மறுத்தார்கள். கடைசியில் 1981 ஜனவரியில் அரசு இறங்கி வந்தது. 100-ஆம் ஆணை என்று சொல்வார்கள். உழவு, தண்ணீர், விதை எல்லாம் பண்ணை பார்த்துக்கொள்ளும். நடவு, களை, அறுவடை குடும்பத்தின் பொறுப்பு. ஒப்பந்த அளவுக்கு மேல் விளைவது குடும்பத்துக்கு.

சில வருடம் விளைச்சல் நன்றாகவே கூடியது. அப்புறம் நின்றுவிட்டது. இந்த இடம் முக்கியம், ஏனென்றால் அரைகுறைச் சீர்திருத்தத்தில் என்ன நடக்கும் என்பது இங்கேதான் தெரிகிறது. விளைச்சல் கூடக் கூட ஒப்பந்த அளவையும் ஏற்றினார்கள். அரசு கொடுத்த கொள்முதல் விலை சந்தை விலைக்குப் பக்கத்திலேயே வரவில்லை. உரம் நேரத்துக்கு வரவில்லை. இந்தப் பட்டத்தில் நான் பாடுபட்ட வயல் அடுத்த பட்டத்தில் எனக்கே வருமா என்பதும் தெரியாது. அப்படி இருக்கும்போது எவன் வரப்பை உயர்த்திக் கட்டுவான், எவன் குப்பை அடிப்பான்? இதற்கிடையே அரசு நோட்டை அச்சடித்துத் தள்ளியது. 1986-இல் பணவீக்கம் 700 சதவீதத்தைத் தாண்டியது. காலையில் வாங்கிய சம்பளத்துக்குச் சாயங்காலம் அதே மதிப்பு இல்லை.

அந்த டிசம்பரில் நடந்த கட்சியின் ஆறாவது மாநாட்டில்தான் 'டோய் மோய்' பிறந்தது. புதுப்பித்தல் என்று பொருள். நுயென் வான் லின் பொதுச்செயலாளர் ஆனார். ஆனால் மாநாட்டுத் தீர்மானம் சோறு போடாது. 1988 தொடக்கத்தில் வட மாகாணங்களில் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கானோர் பசியில் வாடினார்கள். அந்த ஆண்டு 4 லட்சம் டன்னுக்கு மேல் அரிசியை இறக்குமதி செய்ய வேண்டிவந்தது.

1988 ஏப்ரலில் 10-ஆம் தீர்மானம் வந்தது. இந்தக் கதையின் திருப்பம் இதுதான். நிலத்தைக் குடும்பங்களுக்கு 10 முதல் 15 வருடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். என்ன பயிர், எப்போது நடவு என்று முடிவெடுப்பது குடும்பம். மாடும் கருவிகளும் குடும்பத்தின் சொந்தம். புள்ளிக் கணக்குக்கு முழுக்கு. அதோடு நிறுத்தாமல் 1989-இல், அரசுக்கு ஒரு விலை, சந்தையில் ஒரு விலை என்ற இரட்டை விலை முறையையும் கிட்டத்தட்ட ஒழித்தார்கள். ரேஷன் போனது, டோங் நாணயத்தின் மதிப்பைச் சந்தை அளவுக்கு இறக்கினார்கள், வட்டியைப் பணவீக்கத்துக்கு மேலே ஏற்றினார்கள். விவசாயி விளைவித்த நெல்லுக்கு முதல் தடவையாகச் சந்தை விலை கிடைத்தது. கையில் வந்த பணத்துக்கும் ஒரு மதிப்பு இருந்தது.

1989-இல் வியட்நாம் சுமார் 14 லட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்தது. தாய்லாந்து, அமெரிக்கா, அடுத்து வியட்நாம். முந்தைய ஆண்டு பஞ்சம், இந்த ஆண்டு உலகத்தில் மூன்றாம் இடம். இந்த எண்ணை நான் முதலில் படித்தபோது அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன்.

ஒரே வருடத்தில் அவ்வளவு நெல் எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பதுங்கியிருந்த நெல் வெளியே வந்தது, உண்மைதான். ஆனால் பெரும்பகுதிக்குக் காரணம் வேறு. விதையும் தண்ணீரும் ஏற்கெனவே தயாராக இருந்தன. நில உரிமையை மட்டும் பேசுபவர்கள் தவறவிடும் இடம் இது.

விதைக் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1970-களின் நடுவில் மீகாங் படுகையில் புகையான் விழுந்தது. நம்மூர் விவசாயிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. தூரடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, வட்ட வட்டமாக வயலைத் தீய்த்துவிடும் பூச்சி. அதுவரை எதிர்த்து நின்ற ரகங்களையும் வீழ்த்தும் புது வகைப் புகையான் அது. கான் தோ பல்கலைக்கழகத்தில் வோ டோங் சுவான் என்ற வேளாண் விஞ்ஞானி இருந்தார். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். அங்கே எழுதிக் கேட்டு, சில கிராம் அளவுக்குச் சின்ன உறைகளில் விதைகளை வரவழைத்தார். அவற்றில் ஒன்று ஐஆர் 36, பஞ்சாபிலிருந்து போன குர்தேவ் குஷ் உருவாக்கிய ரகம். அது தாங்கியது.

கையில் இருப்பதோ ஒரு சிட்டிகை விதை, காப்பாற்ற வேண்டியதோ ஒரு படுகை. குத்துக்கு ஒரே ஒரு நாற்று நட்டுப் பெருக்கினார். விதை டன் கணக்கில் சேர்ந்ததும் பல்கலைக்கழகத்தையே இரண்டு மாதம் மூடச் சொன்னார். மாணவர்களுக்கு நாற்றங்கால் போடுவது எப்படி, ஒற்றை நாற்று நடுவது எப்படி என்று கற்றுக்கொடுத்து, ஆளுக்கு ஒரு கிலோ விதை கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார். அடுத்தடுத்த பட்டங்களில் படுகை முழுக்க ஐஆர் 36 பரவியது. விரிவாக்கப் பணி என்று அரசு அலுவலகங்களில் சொல்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மகசேசே விருது 1993-இல் அவருக்குக் கிடைத்தது. 2024-இல்தான் காலமானார்.

ஐஆர் 36 குறுகிய காலப் பயிர். வருடத்துக்கு ஒரு போகம் போட்ட இடத்தில் இரண்டு போகம் போடலாம். அதற்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் வடியவும் வேண்டும். மீகாங் படுகையில் மழைக்காலத்தில் வெள்ளம் நிற்கும், கோடையில் கடல் உப்பு ஏறும், நடுவில் பெரிய பரப்பு அமில மண். டோங் தாப் முவோய் என்ற கோரைப்புல் சமவெளியும் லாங் சுயென் பக்கத்து வயல்வெளியும் அப்படிப்பட்டவை. அந்த மண் காய்ந்தால் அமிலம் கிளம்பிப் பயிரைக் கொன்றுவிடும். ஆற்று நீரைக் கொண்டுவந்து வருடக்கணக்கில் அலசி அலசித்தான் அதை வயலாக்க முடியும். 1980-களிலும் 90-களிலும் அரசு அங்கே வாய்க்கால் வெட்டிக்கொண்டே இருந்தது. பிரதமராக இருந்த வோ வான் கியெட் இதில் பிடிவாதமாக நின்றார். 1990-களின் கடைசியில் வெள்ளத்தை மேற்குக் கடலுக்கு வடிக்க வெட்டிய டி-5 வாய்க்காலுக்கு இப்போது அவர் பெயர்.

பெரிய வாய்க்காலை அரசு வெட்டியது. வாய்க்காலிலிருந்து வயலுக்கு நீர் ஏற்றியது விவசாயியின் சின்ன என்ஜின். படகுக்கு மாட்டும் நீண்ட தண்டுள்ள சிறு மோட்டாரை 'இறால்வால்' என்பார்கள். 1960-களிலேயே தெற்கில் யாரோ ஒரு கெட்டிக்காரர் அதை ஒரு குழாய்க்குள் விட்டு, தண்ணீர் இறைக்கும் கருவியாக்கிவிட்டார். காலையில் படகு, பகலில் பம்பு, சாயங்காலம் மறுபடி படகு. எந்தத் திட்டக் குழுவும் யோசித்ததில்லை. நவீனமாக்குதல் என்றால் எனக்கு முதலில் இந்த இறால்வால்தான் ஞாபகம் வரும்.

ஆக, விதை இருந்தது, வாய்க்கால் இருந்தது, கை என்ஜினும் இருந்தது. முழு பலத்தோடு உழைக்க ஒரு காரணம் மட்டும் இல்லாமல் இருந்தது. 1988 அதைக் கொடுத்தது. இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இலங்கையின் 2021 பக்கத்திலேயே இருக்கிறது. மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை, நவம்பரில் தடை வாபஸ். இடையில் இருந்தது ஆறே மாதம். மாற்று உரமும் கையில் இல்லை, மண்ணைப் பழக்க அவகாசமும் இல்லை. அடுத்த பெரும்போகத்தில் நெல் சரிந்தது, தேயிலையும் அடிவாங்கியது, ஏற்கெனவே டாலர் இல்லாமல் தவித்த நாடு அரிசிக்கும் டாலர் தேட வேண்டிவந்தது. இயற்கை விவசாயம் நல்லதா கெட்டதா என்ற விவாதம் தனி. விவசாயியின் கையில் இருந்ததைப் பிடுங்கிவிட்டு அதற்குப் பெயர் கொள்கை என்றால் என்ன ஆகும் என்பதுதான் அங்கே நடந்தது.

மறுபடி வியட்நாம். அடுத்த படி காகிதம். 1993 நிலச் சட்டத்தில் நிலம் அரசுடையதாகவே இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தும் உரிமையைப் பரிமாறலாம், விற்கலாம், குத்தகைக்கு விடலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம், அடமானம் வைக்கலாம். பருவப் பயிருக்கு 20 வருடம், மரப் பயிருக்கு 50 வருடம். இந்த உரிமைக்குக் கொடுத்த பத்திரத்துக்குச் சிவப்பு அட்டை, அதனால் ஊரில் 'சிவப்புப் புத்தகம்' என்றே பெயர். அதைக் கொண்டுபோய் வங்கியில் வைத்தால் கடன் கிடைக்கும். இதற்கு முன்பே 1988-இல் விவசாயத்துக்கென்று ஒரு அரசு வங்கி தொடங்கியிருந்தார்கள். பத்திரம் இல்லாத விவசாயிக்குக் கந்துவட்டிக்காரனை விட்டால் யார் கடன் கொடுப்பார்கள்? நம்மூரிலும் வாய்மொழிக் குத்தகைக்காரர் பயிர்க்கடனுக்கு அலைவது இதனால்தான்.

இதில் ஒரு சங்கடமும் வந்து சேர்ந்தது. நியாயமாகப் பிரிக்க வேண்டும் என்று வடக்கில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நல்ல நிலத்தில் ஒரு துண்டு, சுமாரில் ஒரு துண்டு, பள்ளத்தில் ஒரு துண்டு என்று கொடுத்தார்கள். நாடு முழுக்க ஏழு கோடிக்கு மேல் துண்டுகள். வரப்பே வயலைத் தின்றுவிடும் அளவு. பிறகு வருடக்கணக்கில் 'துண்டு மாற்று' இயக்கம் நடத்தி, உன் துண்டை எனக்குத் தா, என் துண்டை நீ எடுத்துக்கொள் என்று சேர்த்தார்கள். கூட்டுப்பண்ணைக் காலத்துப் பெரிய டிராக்டர்கள் இந்தத் துண்டுகளில் திரும்பக்கூட முடியாது. இயந்திரம் பின்னால் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நெல்லோடு நின்றிருந்தால் இது ஒரு பஞ்சத்தைத் தீர்த்த கதையாக முடிந்திருக்கும். வயிறு நிறைந்த பிறகு மலைப் பக்கம் காபியும் மிளகும், படுகையில் மீனும் இறாலும் கிளம்பின. காபியில் ஒரு சுவாரசியம் உண்டு. 1980-இல் கிழக்கு ஜெர்மனி தன் மக்களுக்குக் காபி வாங்க டாலர் இல்லாமல், வியட்நாமில் தோட்டம் போட்டுத் தருகிறோம், விளைச்சலில் பங்கு கொடு என்று ஒப்பந்தம் போட்டது. செடி காய்க்கும் நேரத்தில் ஜெர்மனியின் அந்தப் பாதியே இல்லாமல் போனது. காபி வியட்நாமுக்கே மிஞ்சியது. டாக் லாக் மாகாணத்தில் குடும்பங்கள் ரோபஸ்டாவை நட்டுத் தள்ளின. 2000 வாக்கில் காபிப் பரப்பு 5 லட்சம் ஹெக்டேரைத் தாண்டி, கொலம்பியாவை முந்தி, பிரேசிலுக்கு அடுத்த இடத்துக்கு வந்துவிட்டது. முந்திரிப் பருப்பு ஏற்றுமதியில் 2006-இல் இந்தியாவையே தாண்டியது. பண்ருட்டி, கொல்லம் வியாபாரிகளைக் கேட்டால் பெருமூச்சோடு சொல்வார்கள். கொட்டையில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் வருவது. உடைத்து, தோல் நீக்கி, தரம் பிரித்து அனுப்பும் வேலையில்தான் வியட்நாம் ஜெயித்தது.

இது எப்படி 'தேசப் பொருளாதாரம்' ஆனது என்பதற்கு வருகிறேன். அரிசி இறக்குமதி நின்றதால் டாலர் மிஞ்சியது. அரிசி, காபி, மீன் விற்ற டாலர் வந்தது. 1991-இல் சோவியத் உதவி அறவே நின்றபோது நாடு விழாமல் தாங்கியதில் இந்த டாலருக்குப் பங்கு உண்டு. சாப்பாடு மலிவாக இருந்ததால் குறைந்த கூலியில் தொழிற்சாலை நடத்த முடிந்தது. கிராமத்தில் கையில் காசு இருந்ததால் சைக்கிளும், பிறகு மோட்டார் சைக்கிளும், துணியும், சிமென்டும் விற்றன. 1994-இல் அமெரிக்கத் தடை நீங்கியதும் ஆலைகள் வந்தன. பிள்ளைகள், முக்கியமாகப் பெண்கள், படுகையிலிருந்து சைகோன் பக்கத்து ஆடை, காலணி ஆலைகளுக்குப் போனார்கள். 2009-இல் பாக் நின் மாகாணத்தில் சாம்சங் போன் ஆலை திறந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 1993-இல் 58 சதவீதம், 2008-இல் 14.5.

இங்கே பலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். டோய் மோய் தொடங்கியபோது நாட்டின் உற்பத்தியில் விவசாயத்தின் பங்கு 40 சதவீதத்துக்குப் பக்கம். இப்போது 12 சதவீதம் அளவுதான். அன்றைக்குப் பத்துப் பேரில் ஏழு பேர் வயலில். இன்றைக்கு மூன்று பேர்கூட இல்லை. விவசாய ஏற்றுமதியோ மரம், மீன் எல்லாம் சேர்த்து 2024-இல் 6,000 கோடி டாலரைத் தாண்டியது. விவசாயம் பெரிதாக வளர்ந்தது, ஆனால் மற்றவை அதைவிட வேகமாக வளர்ந்தன. விவசாயம் நாட்டைத் தூக்கி நிறுத்தியது என்றால் இப்படித்தான்: ஆட்களையும் பணத்தையும் வெளியே அனுப்பி. எல்லோரும் கிராமத்துக்குத் திரும்பி விவசாயம் பார்த்தால் நாடு உருப்படும் என்பவர்களுக்கு வியட்நாம் உதவாது.

எல்லாம் சுபம் என்று சொல்ல முடியாது. நெல் விவசாயி பணக்காரனாகவில்லை. அரிசி ஏற்றுமதியை நீண்ட காலம் அரசு நிறுவனங்களே கையில் வைத்திருந்தன. 2001 வரை அளவுக் கட்டுப்பாடும் இருந்தது. 2008-இல் உலகச் சந்தையில் அரிசி விலை எகிறியபோது உள்நாட்டு விலைக்குப் பயந்து அரசு புது ஏற்றுமதி ஒப்பந்தங்களை நிறுத்திவிட்டது. வாழ்நாளில் ஒரு தடவை வரும் விலை விவசாயியின் கைக்கு வராமலே போனது. காபியில் எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டதன் விளைவு 2001-இல் தெரிந்தது. விலை அதலபாதாளத்துக்குப் போய், கடன் வாங்கி நட்டவர்கள் செடியை வெட்டினார்கள். அந்த மலை நிலம் எடே, ஜராய் போன்ற பழங்குடிகளுடையது. சமவெளியிலிருந்து குடியேறியவர்கள் தோட்டம் போடப் போட அவர்கள் ஓரமாகத் தள்ளப்பட்டார்கள். 2001-இலும் 2004-இலும் அங்கே கொந்தளிப்பு வெடித்தது. ஏற்றுமதிப் பட்டியலில் இதற்குப் பத்தி கிடையாது.

நிலத்துக்கும் விலை கொடுத்தார்கள். ஆன் ஜியாங் மாகாணத்தில் மூன்றாவது போகத்துக்காக உயரமான கரை கட்டி வெள்ளத்தைத் தடுத்தார்கள். வெள்ளத்தோடு வண்டலும் நின்றது. வண்டல் போனதும் உரம் கூடியது, உரம் கூடியதும் பூச்சி கூடியது, பூச்சிக்கு மருந்து. ஹெக்டேருக்கு 200 கிலோ வரை விதையைத் தெளிக்கும் பழக்கம் வேறு. இதைத் திருத்தத்தான் 'ஒன்று கட்டாயம், ஐந்து குறைப்பு' என்று ஒரு முழக்கம் கொண்டுவந்தார்கள்: சான்று பெற்ற விதை கட்டாயம், விதையளவு, உரம், மருந்து, தண்ணீர், அறுவடை இழப்பு ஐந்தும் குறைய வேண்டும். 2023-இல் 10 லட்சம் ஹெக்டேரில் தரமான, குறைந்த மாசு நெல் என்று பெரிய திட்டம் அறிவித்தது இதன் தொடர்ச்சி.

உப்பு விஷயத்தில் அரசும் விவசாயியும் மோதியதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1990-களில் கா மாவ் தீபகற்பத்தில் கடல்நீரைத் தடுத்து மதகுகள் கட்டினார்கள், எல்லோரும் நெல் போடட்டும் என்று. ஆனால் அங்கே சிலர் உப்புநீரில் இறால் வளர்த்து நெல்லைவிடப் பல மடங்கு சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். உப்புநீர் நின்றதும் அவர்கள் பிழைப்பு போனது. 2001-இல் பாக் லியூ மாகாணத்தில் விவசாயிகள் ஒரு அணையை உடைத்து உப்புநீரை உள்ளே விட்டார்கள். வேறு நாடாக இருந்தால், அல்லது அதே நாட்டில் இருபது வருடம் முன்பு என்றால், சிறைதான். இந்தத் தடவை அரசு மதகுகளைத் திறந்து மூடும் நேரத்தை மாற்றியது. ஒரு பக்கம் நெல்லுக்கு நன்னீர், மறுபக்கம் இறாலுக்கு உப்புநீர். கோடையில் உப்பு ஏறும்போது இறால், மழையில் உப்பு இறங்கியதும் அதே வயலில் நெல் என்ற முறை இன்று அந்தப் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. 2016 கோடையில் உப்பு சில ஆறுகளில் 80, 90 கிலோமீட்டர் உள்ளே வந்து நெல்லை அழித்தபோது நெல்லை மட்டும் நம்பியவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். அடுத்த வருடம் அரசின் 120-ஆம் தீர்மானம் நெல்லுக்கு இருந்த முதலிடத்தையே எடுத்துவிட்டது. மீன், பழம், அப்புறம் நெல் என்று வரிசை மாறியது.

நீங்கள் கேட்ட டிரோனுக்கு வருகிறேன். இப்போது மீகாங் படுகையில் டிரோன் சாதாரணக் காட்சி. விதை தெளிக்க, உரம் போட, மருந்தடிக்க எல்லாவற்றுக்கும் பறக்கிறது. விவசாயி அதை வாங்குவதில்லை. ஊருக்கு ஒன்றிரண்டு பேர் வைத்திருக்கிறார்கள். 'கோங்' கணக்கில், அதாவது 1,000 சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கிக்கொண்டு ஓட்டுகிறார்கள், நம்மூரில் அறுவடை மெஷினை மணிக்கணக்கில் பேசுவதுபோல. மானியம் கொடுத்து வரவழைத்ததல்ல. முதுகில் மருந்து டப்பாவைத் தூக்க ஆள் இல்லாததால் வந்தது. அந்த ஆட்கள் இப்போது பின் யுவோங் தொழிற்சாலைகளில் செருப்புத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள்.